ஏமாற்றமடைந்த வாசகர்கள் சொன்னது: கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலும் நூறாண்டுக் கருத்துகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



நாவலைப் பற்றிய சொற்பொழிவு என்றால் நாவலாசிரியரின் வாழ்க்கையில் தொடங்கி அவருடைய சாதனையில் முடிப்பது நம் மேடை வழக்கம். இன்று நான் வாசகர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். அதைப் படித்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாக என்ன சொல்லி வந்திருக்கிறார்கள், அந்தப் பேச்சில் எது நாவலைத் தொட்டது, எது விலகிப்போனது என்று பார்க்கலாம்.

நாவல், ஜோசப் கான்ராட் எழுதி 1907-இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’. ஒற்றன், தூதரகம், வெடிகுண்டு, காவல்துறை, கொலை என்று உளவுக் கதைக்கு வேண்டிய எல்லாமே அதில் உண்டு. ஆனாலும் உளவுக் கதையை எதிர்பார்த்து எடுத்தவர்களில் பலர் மனம் சலித்துக் கீழே வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் போகிறது, ஒரே அழுக்கு, நல்லவர் ஒருவர்கூட இல்லை, முக்கியமான சம்பவத்தைக் காட்டாமலே விட்டுவிட்டார் என்றெல்லாம் குறைகள். இன்னொரு பக்கம், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடியவர்கள். இந்த இரு சாராரில், குறை சொன்னவர்கள்தாம் நாவலுக்கு அருகில் நிற்கிறார்கள் என்பது என் துணிபு. அவர்கள் நாவலை வெறுத்திருக்கலாம். ஆனால் அது தங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சரியாகச் சொன்னார்கள்.

1. கிரீனிச் பூங்காவும் சோஹோ கடையும்

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கதைக்குப் பின்னால் இருந்த நிகழ்ச்சி.

1894 பிப்ரவரி 15 அன்று மாலை, லண்டன் கிரீனிச் பூங்காவில் வானாய்வகத்துக்குப் போகும் வழியில் குண்டு ஒன்று வெடித்தது. அதைக் கொண்டுபோன மார்சியல் பூர்தன் என்ற 26 வயது பிரெஞ்சு இளைஞரின் கையிலேயே வெடித்தது. சிறிது நேரத்தில் அவர் இறந்துபோனார். ஆய்வகத்துக்கு ஒரு சேதமும் இல்லை. தையல் தொழில் செய்த அவர், அராஜகவாதிகள் கூடும் சங்கம் ஒன்றோடு தொடர்புடையவர். அவர் எதற்காக அங்கே போனார், குண்டை எங்கே வைக்க நினைத்தார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அவருடைய மைத்துனர் காவல்துறையின் கையாள் என்று அராஜகவாதிகளுக்குள்ளேயே குற்றச்சாட்டு எழுந்தது. 1897-இல் அவர்களில் ஒருவரான டேவிட் நிக்கல் அதைத் துண்டுநூலாகவே அச்சிட்டார்.

ஆண்டுகள் பல கழித்து, நண்பர் ஃபோர்டு மேடக்ஸ் ஃபோர்டு பேச்சோடு பேச்சாகக் கான்ராடிடம் ஒரு செய்தி சொன்னார்: இறந்தவன் மூளை வளர்ச்சி குறைந்தவன், அவனுடைய சகோதரி பிறகு தற்கொலை செய்துகொண்டாள் என்று. பூர்தன் அப்படிப்பட்டவர் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் கான்ராடுக்கு நாவல் கிடைத்துவிட்டது.

நாவலில் வெர்லாக் என்பவர் லண்டன் சோஹோவில் மறைவாக விற்கும் புத்தகங்களும் படங்களும் வைத்துக் கடை நடத்துகிறார். அராஜகவாதிகள் அவர் வீட்டில் கூடுகிறார்கள். அவரோ ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் சம்பளம் வாங்கும் ஒற்றர். அங்கே புதிதாக வந்த செயலர் விளாதிமிர் அவரைக் கூப்பிட்டு மிரட்டுகிறார். இங்கிலாந்து அகதிப் புரட்சிக்காரர்களிடம் அளவுக்கு மீறி இளகுகிறது. அதைத் திடுக்கிட வைக்க ஒரு குண்டு வேண்டும். அரசர் மீதோ கோயில் மீதோ வேண்டாம், அறிவியல் மீது, கிரீனிச் வானாய்வகத்தின் மீது வை என்கிறார். வெர்லாக் அந்த வேலைக்குத் தன் மனைவி வின்னியின் தம்பி ஸ்டீவியைப் பயன்படுத்துகிறார். மனவளர்ச்சி குன்றிய பையன். பூங்காவில் மரவேர் தடுக்கி விழுகிறான். குண்டு வெடித்துச் சிதறிப்போகிறான். செய்தி தெரிந்த வின்னி கணவனைக் கத்தியால் குத்துகிறாள். தப்பிக்க உதவுவதாகச் சொன்ன ஆசிபன் என்ற புரட்சிக்காரன் அவளுடைய பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அவள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலிலிருந்து கடலில் விழுந்து சாகிறாள்.

கான்ராடைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும். 1857-இல் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த, இன்று உக்ரைனில் இருக்கும், பெர்டிசிவ் நகரில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். போலந்து விடுதலைக்காக வேலை செய்த தந்தையை ரஷ்ய அரசு 1862-இல் வடக்கே வோலக்டாவுக்கு நாடு கடத்தியது. நான்கு வயதுக் குழந்தையும் கூடப் போனது. 1865-இல் தாய், 1869-இல் தந்தை என இருவரையும் இழந்து, பதினோரு வயதில் அநாதையாக நின்றவர். அரசின் ஒடுக்குமுறையும் புரட்சிக் கனவும் சேர்ந்து ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும்.

2. 1907-இன் வாசகர்கள்

நாவல் முதலில் அமெரிக்காவில் ‘ரிட்ஜ்வேஸ்’ என்ற வார இதழில் 1906 அக்டோபரிலிருந்து தொடராக வந்தது. விரிவாக்கித் திருத்திய வடிவத்தை அடுத்த செப்டம்பரில் லண்டனில் மெதுயின் நிறுவனம் நூலாக்கியது. எச். ஜி. வெல்சுக்குக் காணிக்கை.

மதிப்புரைகள் மோசமில்லை. விமர்சகர் எட்வர்ட் கார்னெட் ‘நேஷன்’ இதழில் உயர்வாகவே எழுதினார். ஆனால் ஸ்லாவிய மனத்தை ஆங்கிலேயருக்குப் புரியவைப்பவர் என்ற கோணத்தில் எழுதினார்; தன்னை ஸ்லாவியர் என்று முத்திரை குத்துவது கான்ராடுக்கு அறவே பிடிக்காது. விற்பனைதான் எதிர்பார்த்தபடி இல்லை. 1908 தொடக்கத்தில் நண்பர் கால்ஸ்வொர்திக்கு எழுதிய கடிதத்தில், இது கௌரவமான ஒரு தோல்வி என்று அவரே ஒப்புக்கொண்டார். பொதுமக்கள் ஒட்டாததற்குத் தன் எழுத்தில் இருக்கும் அந்நியத்தன்மை காரணமோ என்றும் யோசித்தார்.

வாசகர்கள் சொன்ன பெரிய குறை, நாவலின் சூழல் அருவருப்பானது, ஒழுக்கச் சீர்கேடு நிறைந்தது என்பது. இந்தக் குறை அவரை எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதற்கு 1920-இல் எழுதிய முன்னுரையே சாட்சி. நாவல் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் ஒரு உலகப் போர் நடந்து முடிந்துவிட்டது. அப்போதும் அவர் அந்த வாசகர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனித மனத்தைப் புண்படுத்தும் எண்ணம் தனக்குத் துளியும் இல்லை என்கிறார். அந்த முன்னுரையிலேயே எதிர்ப்பக்கத்து வாசகர் கருத்து ஒன்றும் பதிவாகியிருக்கிறது: நியூயார்க்கில் தஞ்சம் புகுந்திருந்த புரட்சிக்காரர்கள் இந்த நாவலைப் படித்துவிட்டு, தங்களைப் பற்றி நிறையத் தெரிந்த ஒருவர்தாம் எழுதியிருக்க வேண்டும் என்றார்களாம். கான்ராட் அதில் பெருமைப்படுவது தெரிகிறது.

நான் அந்த முதல் வாசகர்களின் பக்கம் நிற்கிறேன். ‘அழுக்கு’ என்று அவர்கள் சொன்னது சரியான கணிப்பு. பயங்கரவாதம் பற்றிய கதைகள் பெரும்பாலும் குண்டை ஏதோ ஒரு மேலான இடத்திலிருந்து கொண்டுவருகின்றன. கொள்கையிலிருந்து, வெறியிலிருந்து, வஞ்சினத்திலிருந்து. கான்ராடின் குண்டு வருவது, வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு சோம்பேறிச் சம்பளக்காரரின் வீட்டுக் கூடத்திலிருந்து. தூதரகச் செயலருக்குப் பெயர் வாங்க வேண்டும், வெர்லாக்குக்கு மாதப் பணம் நிற்கக் கூடாது, காவல் அதிகாரி ஹீட்டுக்குத் தன் பழைய ஒற்றரைக் காப்பாற்ற வேண்டும். இத்தனை சின்னத்தனங்கள் சேர்ந்து ஒரு பையனைக் கொல்கின்றன. அந்தக் கடையின் மங்கிய விளக்கும் தூசியும் வாசகருக்கு ஒவ்வாமல் போனது என்றால், நாவல் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒவ்வாமல் போகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

3. ‘மெதுவாகப் போகிறது’, ‘வெடிப்பைக் காட்டவில்லை’

இவை தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும் ஒன்றுதான். இங்கே சற்று நிற்க வேண்டும்.

நாவலில் 13 அத்தியாயங்கள். வெடிப்பு நம் கண் முன்னால் எந்த அத்தியாயத்திலும் நடப்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வெர்லாக் தூக்கம் வராமல் தவிக்கிறார். நான்காம் அத்தியாயம் திறந்தால் ஒரு மதுக்கூடம். அங்கே ஆசிபன் செய்தித்தாள் விவரத்தைப் புரொபசர் என்று அழைக்கப்படும் வெடிமருந்துக்காரனிடம் சொல்கிறான். கிரீனிச்சில் குண்டு, ஒருவன் செத்தான் என்று. இடையில் நடந்ததை ஆசிரியர் வெட்டி எடுத்துவிட்டார். இறந்தது வெர்லாக் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஹீட் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கிறார். மிஞ்சியதை மண்வாரியால் சேகரித்ததாக ஒரு காவலர் சொல்கிறார். ஒரு துணித்துண்டை ஹீட் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் பிறகு, எட்டாம் அத்தியாயத்தில் கான்ராட் காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறார். வின்னியின் தாய் முதியோர் இல்லத்துக்குக் குடிபோகும் பயணம். குதிரைவண்டிப் பயணத்துக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். விறுவிறுப்பான கதையில் இது கால்விலங்கு என்று எண்ணாதவர் குறைவு. என் வகுப்புகளிலும் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு வரும் மாணவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் மழுப்பாமல் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? தாய் ஏன் போகிறாள் தெரியுமா? மாமியார் ஒருத்தி வீட்டில் பாரமாக இருந்தால், பையன் மீதும் மருமகனுக்கு ஒரு நாள் வெறுப்பு வரலாம். தான் விலகிவிட்டால் ஸ்டீவி மட்டும்தானே என்று வெர்லாக் பொறுத்துக்கொள்வார். மகனுக்கு இடம் உறுதிப்பட வேண்டும் என்பதற்காகத் தாய் மகனையே பிரிகிறாள். இதை மகளிடம்கூட வாய் திறந்து சொல்வதில்லை. வழியில் வண்டிக்காரன் நோஞ்சான் குதிரையை அடிக்கிறான். ஸ்டீவி துடிக்கிறான், அடிக்காதே என்கிறான், ஓடும் வண்டியிலிருந்து இறங்கி நடக்கப் பார்க்கிறான். வண்டிக்காரன் தன் வீட்டில் பசித்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் பையனுக்கு மனம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. குதிரைக்காகவும் அழ வேண்டும், வண்டிக்காரனுக்காகவும் அழ வேண்டும். ஏழைகளுக்கு இந்த உலகம் கெட்டது என்ற முடிவுக்குத் தட்டுத் தடுமாறி வந்து சேர்கிறான். காவலர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்று அக்காவைக் கேட்கிறான். இல்லாதவர்கள் இருப்பவர்களிடமிருந்து எதையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று வின்னி சாதாரணமாகப் பதில் சொல்கிறாள்.

நாவலில் புரட்சி பேசுகிறவர்கள் மூவர் நால்வர் இருக்கிறார்கள். பிறர் துன்பத்தைப் பார்த்து உண்மையாகவே உடம்பு நடுங்குகிறவன் இந்தப் பையன் ஒருவன்தான். அந்த இரக்கத்தைப் பிடித்துத்தான் வெர்லாக் அவனைக் குண்டு தூக்க வைக்கிறார்.

இப்போது துணித்துண்டுக்கு வருகிறேன். ஸ்டீவி எங்காவது வழிதவறிப் போய்விடுவான் என்று வின்னி அவனுடைய மேலங்கியின் உள்பக்கத்தில் வீட்டு முகவரி எழுதிய துணியைத் தைத்து வைத்திருந்தாள். தொலைந்த பிள்ளை வீடு வந்து சேர வேண்டும் என்று தைத்தது. அந்த முகவரிதான் காவல்துறையை வெர்லாக்கின் கடைக்குக் கொண்டுவருகிறது. அதன் வழியாகத்தான் வின்னிக்குத் தம்பி இறந்தது தெரிகிறது. துப்பறியும் கதைகளில் தடயம் என்பது குற்றவாளி கவனக்குறைவால் விட்டுச் செல்வது. இங்கே தடயம் ஓர் அக்காளின் கவனம்.

வெடிப்பைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையன் கையில் டப்பா, கடிகாரம் ஓடுகிறது, நம் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பு ஓர் இன்பம். உளவுக் கதைக்காரர்கள் நமக்கு விற்பது அதைத்தான். கான்ராட் அதைத் தர மறுத்தார். குண்டுக்கு முந்திய நொடிகளை நீட்டுவதற்குப் பதிலாக, குண்டுக்குப் பிந்திய சில மணி நேரத்தை, வின்னி வீட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தை, பதினொன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக நீட்டினார். வெர்லாக் மாட்டிறைச்சியை வெட்டித் தின்கிறார். நடந்தது நடந்துவிட்டது என்று மனைவியைத் தேற்றப் பார்க்கிறார். தன் கஷ்டத்தைச் சொல்கிறார். அவர் நல்ல கணவர் என்று அவரே நம்புகிறார். படிக்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது. ‘மெதுவாகப் போகிறது’ என்று சொன்ன வாசகர் இந்த மூச்சுமுட்டலை உணர்ந்துதான் சொன்னார்.

4. ஹிட்ச்காக் செய்த சோதனை

கான்ராட் காட்டாததைக் காட்டினால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்குச் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. 1936-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்த நாவலைத் தழுவி ‘சபோட்டாஜ்’ என்ற படம் எடுத்தார். சாமர்செட் மாமின் உளவுக் கதைகளைத் தழுவிய அவருடைய முந்திய படத்துக்கு ‘சீக்ரெட் ஏஜென்ட்’ என்ற பெயரை ஏற்கெனவே வைத்துவிட்டதால் இதற்கு வேறு பெயர்.

படத்தில் வெர்லாக் திரையரங்கு நடத்துகிறவர். ஸ்டீவி துறுதுறுப்பான பள்ளிச் சிறுவன். திரைப்படச் சுருளோடு குண்டையும் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் போகிறான். கடைவீதியில் ஒருவன் பிடித்து நிறுத்துகிறான், ஊர்வலம் குறுக்கே வருகிறது, பேருந்து மெதுவாக ஊர்கிறது. கடிகாரத்தை மாறி மாறிக் காட்டுகிறார் ஹிட்ச்காக். குண்டு வெடித்துப் பேருந்து சிதறுகிறது.

பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவ்வளவு நேரம் பதற வைத்துவிட்டு, கடைசியில் பையனைக் கொன்றது துரோகம் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் பேசும்போது, அது தான் செய்த பெரிய தவறு என்று ஹிட்ச்காக்கே சொன்னார். அப்படிப் பதற வைத்தால், முடிவில் பார்வையாளருக்கு ஆறுதல் தர வேண்டும் என்பது அவர் கற்ற பாடம்.

அந்தப் பார்வையாளர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஒரு குழந்தையின் சாவு தங்கள் பொழுதுபோக்குக்குள் வந்துவிட்டது என்று அவர்களுக்குப் பட்டது. ஆனால் ஹிட்ச்காக் எடுத்த முடிவு வேறு: இனிமேல் பையனைக் காப்பாற்றிவிட வேண்டும். உளவுப் படங்கள் அவர் வழியில்தான் போயின. கடைசி நொடியில் கம்பியை வெட்டும் கதாநாயகன் இன்றுவரை நம்மோடு இருக்கிறான். கான்ராட் பையனையும் காப்பாற்றவில்லை, நமக்குப் படபடப்பையும் தரவில்லை. இந்த இரண்டு மறுப்பும் சேர்ந்திருப்பதால்தான் நாவலைப் படித்தவர் எரிச்சலோடு எழுந்து போகிறார்; படம் பார்த்தவர் கோபத்தோடு எழுந்து போனார்.

5. புரொபசரின் ரசிகர்கள்

இப்போது மறுபக்கம்: நாவலைக் கொண்டாடியவர்கள்.

நாவலில் பெயரில்லாத ஒரு பாத்திரத்தைப் புரொபசர் என்று அழைக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் உதவியாளராக இருந்து சண்டைபோட்டுக்கொண்டு வெளியேறியவன். கேட்டவருக்கெல்லாம் வெடிமருந்து கொடுக்கிறான். தன் உடம்பிலேயே குண்டு கட்டிக்கொண்டு நடக்கிறான். கால்சட்டைப் பையில் இருக்கும் ரப்பர் பந்தைக் கை விடுவதே இல்லை. அழுத்தினால் இருபது விநாடியில் வெடிக்கும். அதனால் எந்தக் காவலரும் அவனை நெருங்குவதில்லை.

1996 ஏப்ரலில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் காட்டுக் குடிலில் டெட் கசின்ஸ்கியைக் கைது செய்தார்கள். ஹார்வர்டில் படித்து, பெர்க்லியில் கணிதம் கற்பித்து, 1969-இல் வேலையை உதறியவர். 1978 முதல் 1995 வரை குண்டுகள் அனுப்பியும் வைத்தும் மூவரைக் கொன்றார். 23 பேரைக் காயப்படுத்தினார். அவர் கான்ராடின் வாசகர் என்பதும், குறிப்பாக இந்த நாவலை மீண்டும் மீண்டும் படித்தவர் என்பதும் கைதான சில மாதங்களில் நாளிதழ்களில் வந்தது. தன் குண்டுகளில் அவர் பொறித்த ‘எஃப்.சி.’ என்ற எழுத்துகளை, நாவலில் புரட்சிக்காரர்களின் துண்டறிக்கையில் வரும் ‘எஃப்.பி.’ என்ற எழுத்துகளோடு ஒப்பிட்டார்கள். அதே ஆண்டு கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் இயக்கத்தில் நாவல் திரைப்படமாகவும் வந்தது; அதில் புரொபசராக நடித்தவர் ராபின் வில்லியம்ஸ்.

ஐந்து ஆண்டுகளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. செய்தியாளர்களும் கட்டுரையாளர்களும் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலைத் தேடிப் போனார்கள். தற்கொலைக் குண்டுதாரியை நூறாண்டுக்கு முன்பே கண்டவர் கான்ராட் என்று எழுதினார்கள். 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்தபோது அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. அவர்கள் எழுதியதில் புரொபசர் இருந்தான். விளாதிமிரின் பேச்சு இருந்தது. ஸ்டீவியைத் தேடினால் ஒரு வரி கிடைக்கும், அதுவும் கதைச்சுருக்கத்தில்.

கொலைகாரரான வாசகரையும் நல்லெண்ணத்தோடு எழுதிய கட்டுரையாளர்களையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் இருவர் கண்ணும் ஒரே பாத்திரத்தின் மீது நிலைத்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பாத்திரத்தைக் கான்ராட் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். குள்ளமான, நோய்பிடித்த உடம்பு. தெருவில் கூட்டத்துக்குள் நடக்கும்போது அவனுக்கு ஒரு பயம் வருகிறது: எத்தனை குண்டு வைத்தாலும் இந்த மக்கள் கூட்டம் கண்டுகொள்ளாமல் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போகுமோ என்று. தன் ஆற்றல் முழுவதும் பிறர் தன்னைப் பார்த்துப் பயப்படுவதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனைத் தீர்க்கதரிசனத்தின் நாயகனாக்கி எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் அவன் கேட்ட பயத்தை அவனுக்குக் கொடுக்கிறது.

நாவலின் கடைசிப் பத்தியில் அவன் தெருவில் நடந்து போகிறான். அதை மேற்கோள் காட்டாத கட்டுரை அரிது. அதற்குச் சற்று முன்னால், ஆசிபன் ஒரு பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு மீளமுடியாமல் தவிக்கிறான். கப்பலிலிருந்து காணாமல்போன பெண் ஒருத்தியைப் பற்றிய செய்தி அது. இருக்கையில் ஒரு திருமண மோதிரம் கிடந்தது, அதில் 1879 ஜூன் 24 என்று பொறித்திருந்தது, அவள் யார் என்று தெரியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த லண்டன் முழுவதும் அவளை அறியாது. ஆசிபனுக்குத் தெரியும், நாவலின் வாசகருக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பொறுப்பைக் கான்ராட் வாசகரிடம் கொடுத்திருக்கும்போது, அதைக் கீழே வைத்துவிட்டுப் புரொபசரின் பின்னால் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

6. ஒரு நியாயமான எதிர்வாதம்

எழுத்தாளர்கள், கல்வியாளர்களின் கருத்துகளைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 1926-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குத் தாமஸ் மன் முன்னுரை எழுதினார். 1948-இல் எஃப். ஆர். லீவிஸ் இதையும் ‘நாஸ்ட்ரோமோ’வையும் கான்ராடின் உச்சங்கள் என்று வைத்தார், நாவல் பாடத்திட்டங்களுக்குள் நுழைந்ததற்கு அவர் தீர்ப்பு ஒரு காரணம்.

இர்விங் ஹோ 1957-இல் வேறொன்று சொன்னார்: அராஜகவாதிகளைக் கான்ராட் கேலிச்சித்திரங்களாக்கிவிட்டார், அவர்களுக்குள் ஒரு மனிதன்கூட இல்லை. இதில் உண்மை இருக்கிறது. கொழுத்த மிக்கேலிஸ், பல்லில்லாத யுண்ட், பெண்களின் பணத்தில் வாழும் ஆசிபன் என்று எல்லோரையும் அருவருப்பாகவே வரைந்திருக்கிறார். அக்காலத்து லண்டனில் வாழ்ந்த க்ரோப்போட்கின் போன்ற பெரிய அராஜகச் சிந்தனையாளர்களின் சாயல்கூட இல்லை. நாடு கடத்தப்பட்ட வீட்டுப் பிள்ளையின் கசப்பு இது என்று புரிந்துகொள்ளலாம், நியாயப்படுத்த முடியாது. ஒரு தூதரகமே குண்டு வைக்கச் சொல்லுமா என்று ஐயப்பட்டவர்களுக்கு மட்டும் வரலாறு விரைவில் பதில் சொன்னது. நாவல் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், ரஷ்ய சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சியின் கொலைப் படைக்குத் தலைமை தாங்கிய யெவ்னோ அஜெஃப், ஜார் அரசின் ரகசியக் காவல்துறையிடம் பல ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கியவர் என்பது அம்பலமானது.

7. நம் வாசிப்பு

இதையெல்லாம் வேறு நாட்டுச் சங்கதியாகக் கேட்டுவிட்டுப் போகும் நிலையில் நாம் இல்லை. உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்ததன் விளைவை 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் பார்த்தவர்கள் நாம். அன்று முன்னாள் பிரதமரோடு காவலர்களும் தொண்டர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14-இல் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர். கொன்றவர்களின் பெயர்களும் திட்டங்களும் வழிகளும் நமக்கு மனப்பாடம். புத்தகங்களும் படங்களும் தொடர்களும் அவற்றைச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்துவிட்டன. இறந்த தொண்டர் ஒருவரின் பெயரையோ, பாதுகாப்புக்கு நின்ற காவலர் ஒருவரின் பெயரையோ கேட்டால் இந்த அவையில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? நம் உளவுக் கதைகளும் புரொபசரின் பின்னால்தான் போயிருக்கின்றன. வின்னியின் சமையலறையில் நின்று எழுதிய நாவல் நம்மிடம் குறைவு. அதை எழுத வேண்டிய அனுபவம் குறைவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வார இதழ்கள் பல பத்தாண்டுகளாகத் துப்பறியும் தொடர்களையும் உளவுத் தொடர்களையும் வெளியிட்டன. கூடவே வாசகர் கடிதங்களையும் வெளியிட்டன. தொடர்களை நூலாகத் தொகுத்துவிட்டோம். கடிதங்கள் பழைய இதழ்களின் பக்கங்களிலேயே கிடக்கின்றன. நூலகங்களில் அந்தத் தாள்கள் மட்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுப்பது முனைவர் பட்டத்துக்குத் தகுதியான வேலை. தொகுக்கும்போது பாராட்டுக் கடிதங்களோடு நிறுத்திவிடாதீர்கள். கதை பாதியில் சப்பென்று போய்விட்டது, அந்தப் பெண்ணைப் பற்றியே ஏன் இத்தனை வாரம் என்று கோபித்து எழுதியவர்களின் கடிதங்களை முதலில் எடுத்து, அந்த வாரத்து அத்தியாயத்தோடு சேர்த்துப் படியுங்கள். எழுத்தாளர் அந்த வாரம் என்ன செய்ய முயன்றார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.